நீ போட்ட நூறு

நேற்று மாலை மின்தூக்கியை விட்டு இறங்கியதும் எங்கள் மாடி நடைபாதை முழுக்க வெல்லம் அடிப்பிடித்த வாடை. எந்த வீட்டு அடுப்போ தெரியவில்லை. நீ இருந்திருந்தால் கீழ்த்தளத்திலேயே மூக்கை உயர்த்தி, "எவன்டா பாகைத் தீயவிட்டவன்?" என்று கத்தியிருப்பாய். அதுவும் பழைய நீ. கடைசிக் காலத்து நீ, என் பக்கத்தில் ஒன்றும் அறியாமல் நடந்து வந்திருப்பாய்.

துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், தோ பாயோ வட்டாரக் கோயில் மடைப்பள்ளியில் வெள்ளிக்கிழமைப் பொங்கல் உன்னுடையது. அம்மனுக்குப் படைக்கும் முன் எதையும் நாக்கில் வைக்கக்கூடாது; குனிந்து முகரவும் கூடாது. அண்டாவிலிருந்து தானாக எழுந்து வரும் ஆவியை வைத்தே பாகு பதமா, நெய் போதுமா என்று சொல்லிவிடுவாய். "நாக்கு அப்புறம்டா, முதல்ல மூக்கு சாப்பிடணும்" என்பாய். நான் கப்பல் பட்டறையில் மின்சார வேலை பார்த்தவன். அறுபதுக்கு மேல் நூலகப் புத்தகங்களை வைத்துக்கொண்டு, யாரிடமும் போய் நிற்காமல், கணினி நிரல் எழுதக் கற்றேன். "அந்தப் பெட்டியத் தட்டுறத விட்டுட்டு வந்து சாப்பிடுலா" என்று நீதான் என்னைக் கோயிலுக்கு இழுத்துப் போவாய்.

பிறகு உனக்குக் கொவிட் வந்தது. காய்ச்சல் போய்விட்டது, மூக்கும் நாக்கும் திரும்பவில்லை. தேக்கா சந்தையில் வாங்கிய பெருங்காயமும் குளிக்கிற சோப்பும் ஒன்றுதான் என்றாய். இதை யாரிடமும் சொல்லாமல் மடைப்பள்ளிக்குப் போனாய். பொங்கல் அடியில் கருகிக்கொண்டிருந்தது, நீ மேலே கிண்டிக்கொண்டே நின்றாய். கருகியதுதான் அம்மனுக்கும் போனது. கோயில் செயலாளர் நல்ல மனிதர். "அண்ணே, கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க லா. சரியானதும் வாங்க" என்றார். சரியானதும் என்ற அந்த ஒரு சொல்லை நீ பிடித்துக்கொண்டாய்.

அந்தச் சமயம்தான், கிருமியால் வாசனையும் சுவையும் இழந்தவர்களை ஓர் ஆய்வுக் குழு தேடியது. இணையத்தில் மாதாமாதம் கேள்விகள், தமிழிலும் இருந்தன. வாசனை எவ்வளவு தெரிகிறது என்று பூஜ்யத்திலிருந்து நூறுவரை ஒரு கோட்டில் குறியை நகர்த்த வேண்டும். உனக்கு மின்னஞ்சல் இல்லாததால் என்னுடையதைக் கொடுத்தோம். ஒவ்வொரு மாதமும் என் கணினி முன் உட்கார்ந்து பூஜ்யத்தில் விட்டுவிட்டு எழுந்து போவாய். கடைசி மாதம் மட்டும் குறியை இழுத்து நூறில் வைத்தாய்.

"டேய், காலையில கெட்டுப்போன பாலக் குடிச்சவன் நீ."

"தெரியும். அந்த முடிவப் போட்டோ எடு. செயலாளர்கிட்ட காட்டணும்."

"பொய்டா இது."

"எனக்குக் கரண்டி வேணும், அவங்களுக்கு நம்பர் வேணும். ஆளுக்கு ஒண்ணு. போட்டோ எடுடா."

செயலாளர் படத்தைப் பார்த்தார், சந்தோஷப்பட்டார், உன்னை வாழையிலை துடைக்க வைத்தார். கரண்டி அதற்குள் வேறு கைக்குப் போயிருந்தது. இலை துடைத்தபடியே கொஞ்ச காலம் இருந்தாய். பிறகு இதயம் நின்றது.

இப்போது அந்தக் குழு ஆய்வின் தரவுகளையும் நிரலையும் இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. யார் ஓட்டினாலும் அதே முடிவு வர வேண்டுமாம்; வராவிட்டால் சொல்லலாமாம். நல்ல ஏற்பாடு என்று நானும் நம்பினேன். பல நாள் மல்லுக்கட்டி ஓட்டினேன். அவர்கள் கட்டுரையில் இருக்கும் அதே வரைகோடு என் திரையிலும் அப்படியே வந்தது. பெயர்கள் இல்லை, ஆளுக்கு ஓர் எண். உன் எண் என் மின்னஞ்சலில் இருக்கிறது. தேடினேன். குணமானவர்களோடு இருந்தாய்.

எழுதினேன். அந்த நூறு பொய் என்று குழுவுக்குத்தான். பதில் வராதபோது மறுபடியும் எழுதினேன். கடைசியில் குழுவிலிருந்து ஒரு தமிழ்ப் பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அங்கிள், உங்க ஃபிரெண்டு குடுத்ததுதான் டேட்டா. நீங்க சொல்றீங்கன்னு மாத்த முடியாது."

"அவன் செத்துட்டாம்மா. அவனா வந்து சொல்லுவான்?"

"சாரி அங்கிள். ஆனா வெளியிலேர்ந்து ஒருத்தர் சொன்னாருன்னு நம்பர மாத்தினா, அப்புறம் அத யாரு நம்புவா? கோட் ஓப்பனாத்தானே இருக்கு. நீங்களே மாத்தி ஓட்டுங்க. வித்தியாசம் வந்தா அனுப்புங்க, கண்டிப்பா பாக்குறோம்."

அவள் சொன்னது சரி. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தப்பாகப் பேசியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

உன் நூறை எடுத்துவிட்டுப் பூஜ்யம் போட்டு ஓட்டினேன். வரைகோடு அசையவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். சராசரியில், தசமப் புள்ளிக்குப் பின்னால் எங்கோ ஓர் இலக்கம் மாறியிருந்தது. கட்டுரையில் அவ்வளவு தூரம் எழுதுவதில்லை. உன் வெள்ளிக்கிழமைகள் எல்லாம் அந்த எழுதாத இடத்தில்தான் இருக்கின்றன. அவளுக்கு அனுப்ப என்னிடம் ஒன்றும் இல்லை.

ஆனாலும் அந்த மாற்றிய பிரதியை, ஏன் மாற்றினேன் என்று எழுதி, நானும் இணையத்தில் திறந்து வைத்திருக்கிறேன். இதுவரை யாரும் பார்க்கவில்லை. "விடுங்கப்பா, யாரு பாக்கப் போறா?" என்கிறான் மகன். யாரும் பார்க்கப் போவதில்லை என்று எனக்கும் தெரியும். அதை எடுத்துவிட மாட்டேன். உலகத்தில் யார் எங்கே ஓட்டிப் பார்த்தாலும் நீ குணமானவன். என் பிரதியில் மட்டும் உனக்கு இன்னும் வாசனை வரவில்லை.