பேஸ்மென்டில் நாலு செடி

மச்சான்,

நேற்று உங்கள் தங்கை என் பெட்டியிலிருந்து கம்பளிச் சட்டையை எடுத்து வெயிலில் போட்டாள். மூக்கைச் சுளித்துக்கொண்டு, "ஏனுங்க, இதென்ன வாசம்? எங்கியோ மோந்த மாதிரி இருக்குது" என்றாள். "வெயில்ல போயிரும்" என்றேன். உங்கள் மாட்டுக் கட்டுத்தறியில் எருக்குழியோரம் நின்ற செடியின் வாசம் அது. கனடாவிலிருந்து என்னோடு நாமகிரிப்பேட்டைக்கு வந்திருக்கிறது.

உங்கள் மருமகன், என் மகன், அங்கே கஞ்சா வளர்க்கிறான். திருட்டுத்தனமாக அல்ல. ஒரு வீட்டுக்கு நாலு செடி வைத்துக்கொள்ளலாம் என்று அவன் இருக்கும் ஊரில் சட்டமே சொல்கிறதாம். உங்கள் தங்கை முழங்கால் வலியால் வர முடியாமல், நான் மட்டும்தான் அவனைப் பார்க்கப் போயிருந்தேன். வெளியே கால் புதையும் பனி. கதவைத் திறந்தால் காது விறைத்துப்போகும். அந்தக் குளிரில் செடி எப்படி நிற்கும் என்று கேட்பீர்கள். வீட்டுக்கு அடியில் ஓர் அறை; பேஸ்மென்ட் என்கிறார்கள். அதற்குள் கறுப்புத் துணியில் ஒரு கூடாரம். உள்ளே வெள்ளிநிறத் தாள், உச்சியில் விளக்கு, மூலையில் விசிறி, பக்கத்தில் ஹீட்டர். தரையின் சில்லிப்பு வேருக்கு ஏறாமலிருக்கத் தொட்டிகளுக்கு அடியில் பலகை. நம் மஞ்சளுக்கு நாம் இத்தனை சீராட்டு செய்ததில்லை.

பகலில் அவனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவார்கள். "மண்ணு காஞ்சா மட்டும் ஊத்துங்கப்பா. தண்ணி சில்லுன்னு இருந்தா செடி தாங்காது" என்று குவளையை என் கையில் கொடுத்தான். ஊற்றினேன். ஊற்றும்போதெல்லாம் நீங்கள்தான் எதிரே நின்றீர்கள்.

உங்களிடம் இருந்தது ஒற்றைச் செடி. எருமைக்குக் கழிச்சல் கண்டால் அரைத்துக் கொடுப்பதற்காக உங்கள் அப்பா காலத்திலிருந்தே அந்த இடத்தில் ஒன்றை விட்டுவைப்பது வழக்கம். யாரோ போட்டுக்கொடுக்க, ஜீப் வந்தது. செடியை வேரோடு பிடுங்கிப் பின்னால் போட்டு, உங்களை அதன் பக்கத்திலேயே உட்கார வைத்தார்கள். "எருமைக்குக் கழிச்சல் நின்னு போச்சுங்க மாப்ளை, எனக்குத்தான் இனி ஆரம்பிக்கும்போல" என்றீர்கள். ஏட்டுகூடச் சிரித்துவிட்டார்.

ஜாமீனில் வந்த உங்களை ஊர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் திருப்பிச் சொல்லியிருப்பேன். கல்யாணச் சீர்களைச் செய்துவைத்துத் தாலி எடுத்துக் கொடுக்கும் அருமைக்காரர் நீங்கள். முகூர்த்த மாதத்தில் வெற்றிலைத் தட்டோடு உங்கள் வாசலில் ஆள் நிற்கும். அதன் பிறகு அந்தத் தட்டுகள் உங்கள் வீட்டைத் தாண்டி வேறு தெருவுக்குப் போயின. லாக்கப்பில் இருந்துவிட்டு வந்த கை தாலியைத் தொடக் கூடாதாம். கேஸ் நிற்காது என்று கோர்ட்டு உங்களை விட்ட பின்னும் ஒரு தட்டும் திரும்பி வரவில்லை.

ஊரை விடுங்கள். என் வீட்டிலேயே அது நடந்தது. "மாமா வேண்டாங்கப்பா. பொண்ணு ஊட்டுல ஒரு மாதிரி பேசறாங்க" என்றான் கல்யாண மாப்பிள்ளையான உங்கள் மருமகன். நீங்கள் செய்யாத சீருக்கு நான் எதற்கு என்று சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டேன். நீங்களே வந்துதான் எழுப்பினீர்கள். "அட, எந்திரிங்க மாப்ளை. தாலிய ஆரு எடுத்துக் குடுத்தா என்னங்க, பையன் ஒழுங்காக் கட்டுனாச் சரி." மண்டபத்துக்கு வந்த நீங்கள் மேடைப் பக்கம் திரும்பவே இல்லை. பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தீர்கள். சாகும்வரை எந்தக் கல்யாண மேடையும் ஏறவில்லை.

அதனால்தான் பேஸ்மென்டில் வைத்து அவனைக் கேட்டேன். "உங்க மாமன் வெச்சிருந்ததும் இதே செடிதானே?"

"அது வேறங்கப்பா. இங்க சட்டம் உடுது."

"சட்டம் அவரையுந்தான் உட்டுது. நீதான் உடலை."

அவன் ஒரு இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"உங்க அத்தைக்குப் போன் போட்டு இதைக் காட்டு. மாமனை அன்னிக்கு ஒதுக்குனது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லு" என்றேன்.

"ஊரெல்லாம் பரவிருமுங்கப்பா. என் பேரு என்னாகறது?"

உங்கள் பேர் போனபோது அவனுக்கு அந்தக் கவலை வரவில்லை. இன்னும் தங்க நாள் இருந்தது. டிக்கெட்டை மாற்றச் சொல்லிக் கிளம்பிவிட்டேன். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று உங்கள் தங்கையிடம் சொன்னேன். மற்றதை நான் சொல்லிவிட்டால் அது என் வார்த்தையாகிவிடும். அவன் வாயால் வர வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுகிறான். "அத்தைகிட்டப் பேசினியா?" என்பதைத் தவிர நான் எதுவும் கேட்பதில்லை. "பேசறேனுங்கப்பா" என்கிறான். போனை அவன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு உங்கள் வீட்டுக்கு நடக்கிறேன். "பையன் கூப்ட்டானுங்களா?" என்று அவனுடைய அத்தையான அக்காவிடம் கேட்கிறேன்.

போன வாரம் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வாரா வாரம் இதையே கேக்கறீங்களே தம்பி. மருமக முழுகாம இருக்கறாளா?"

"இல்லீங்கக்கா. இது அதைவிட நாள் புடிக்கும்."

அக்கா சிரித்துக்கொண்டே காப்பி போட உள்ளே போனார். எனக்குக் கோபம் இறங்கவில்லை, மச்சான். அவன் சொல்லும்வரை இறங்கவும் விட மாட்டேன்.