இரண்டு கையெழுத்து நிலம்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்பா போன பிறகு நீ ஒரு கடிதமும் போடவில்லை. அதைச் சொல்லிக்காட்ட இதை எழுதவில்லை.

உன் நகரத்துப் பம்பு ஆலைக்காரர்கள் ஆள் தேடி நம் பக்கத்து ஊர்வரை வந்திருந்தார்கள். லேத் வேலை. நான் படித்த வேலை. ஓர் இரும்புத் தண்டு கடைந்து காட்டினேன். ஃபோர்மேன் அதை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, "இத்தன நாளா எங்கய்யா இருந்தே?" என்றார். வெங்காயம் நட்டுக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

அங்கே வரவேண்டுமென்றால் வீடு பிடிக்க வேண்டும். நிலத்தை விற்றால்தான் முன்பணத்துக்கு வழி. குத்தகைக்கு விட்டால், உழுகிறவன் நாளைக்கு நிலமே என்னுடையது என்பான். மேலத்தெருவில் நடந்தது உனக்குத் தெரியும். பக்கத்து வயல்காரர், நாம் ஓணான் என்போமே, அவர் நல்ல விலைக்குக் கேட்கிறார். நிலம் நம் இருவர் பெயரிலும் இருப்பதால் உன் கையெழுத்தும் வேண்டும். ஆளுக்குப் பாதி. ஒரு நாள் வந்துவிட்டுப் போ.

உன் அன்புத் தம்பி


மார்ச் 11

தம்பிக்கு,

கையெழுத்து வேண்டுமென்றால்தான் அக்கா நினைவு வருகிறது. இருக்கட்டும்.

விற்க எனக்குச் சம்மதமில்லை. புறவழிச்சாலை வரப்போகிறது என்று பேச்சு. ஓணான் சும்மா தலையாட்ட மாட்டார். பொறுத்தார் பூமியாள்வார்.

நகரம் என்றால் என்ன நினைத்தாய்? மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிற எனக்கே ஒன்றரை அறை. சமையலறைக் கதவைத் திறந்தால் கட்டிலில் இடிக்கும். வாடகை ஏற ஏற ஊருக்கு வெளியே தள்ளிக்கொண்டே போகிறோம். இரண்டு பேருந்து மாறி வேலைக்குப் போகிறேன். நின்றுகொண்டே தூங்கப் பழகிவிட்டேன். இதில் நீயும் வந்து என்ன செய்யப் போகிறாய்?

அங்கேயே இரு. ஆளில்லாத நிலத்தில் வரப்பு தானாக நகரும்.

அக்கா


ஏப்ரல் 30

அக்காவுக்கு,

பொறுத்தார் பூமியாள்வாராம். பொறுப்பது நான், ஆள்வது நீ. காவல் நாய்க்குக்கூட ஒரு வேளைச் சோறு வைப்பார்கள்.

நீ கையெழுத்துப் போடாவிட்டால் போகட்டும் என்று நானே கிளம்பி வந்தேன். ஆலையைச் சுற்றி இருக்கிற தெருவெல்லாம் அலைந்தேன். ஒரு வீட்டுக்காரர் சொன்ன முன்பணத்தைக் கேட்டு, விலைக்கா வாடகைக்கா என்று கேட்டுவிட்டேன், கதவைச் சாத்திக்கொண்டார். ஆலைக்குள்ளே மூன்று லேத் மேல் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறது. "மெஷின் இருக்கு, ஆர்டர் இருக்கு. ஆளுங்க வராங்க, வாடகையக் கேக்கறாங்க, அப்படியே திரும்பிப் போயிடறாங்க. உனக்கு மாசக் கடைசி வரைக்கும் டைம் தரேன்," என்றார் ஃபோர்மேன்.

ஒரு மாதம் உன் வீட்டு மூலையில் படுத்துக்கொண்டு வேலையில் சேர்ந்துவிடலாம் என்றுதான் உன் படியேறினேன். நீ வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு, "இப்ப வேணாண்டா, அவர் தூங்கறார், கெளம்பு," என்றாய். உள்ளே டிவி அலறியது. தூங்குகிறவருக்கு எதற்கு டிவி? எதிரி வந்தாலும் ஒரு வாய் தண்ணீர் கொடுப்பார்கள்.

இன்றைக்கு ஃபோர்மேன் போன் செய்தார். வேறு ஆளைப் போட்டுவிட்டார்களாம். திருப்திதானே உனக்கு?

தம்பி


மே 6

தம்பிக்கு,

வாய்க்கு வந்ததையெல்லாம் எழுத உனக்குத் தாள் கிடைக்கிறது.

படியில் நிறுத்தியதற்குக் காரணம் கேட்டுக்கொள். உன் அத்தான் இரண்டு கடை வைத்து இரண்டையும் மூடினவர். மூன்றாவது கடைக்கு என் பங்கு நிலத்தின் மேல் கண். அது நிலமாக இருக்கும்வரை என்னுடையது. பணமானால் அன்றைக்கே அவருடையது. அதனால், "என் தம்பி கையெழுத்துப் போட மாட்டேங்கறான், நான் என்ன பண்ணட்டும்?" என்று சொல்லிச் சொல்லித்தான் இத்தனை நாள் ஓட்டுகிறேன். நீ உள்ளே வந்து, விற்கலாம் என்று ஒரு வார்த்தை விட்டிருந்தால் என் கதை முடிந்திருக்கும்.

ஆமாம், பழியை உன் தலையில்தான் போட்டேன். தனியாளாக இந்த வீட்டில் இருந்து பார், அப்புறம் பேசு.

அக்கா


ஜூன் 10

அக்காவுக்கு,

அப்பாவின் திதிக்கு வந்தபோது அத்தான் ஏன் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று இப்போது புரிகிறது. உன் புருஷனுக்குப் பயந்து என் பிழைப்பில் மண்ணைப் போட்டாய்.

வழக்குப் போட்டுப் பாகம் பிரிக்கலாம் என்றார் வக்கீல். முடிவதற்குள் எனக்கு நரைத்துவிடும் என்றும் அவரே சொன்னார். என் மனைவி, "கால்ல கட்டின கல்ல அவுத்துப் போட்டுட்டு வாங்க. மண்ண யார் தின்னா நமக்கென்ன?" என்றாள்.

என் பாதியை உனக்கே விட்டுக்கொடுத்து எழுதிப் பதிந்துவிட்டேன். அதற்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர். பெயர் வைத்தவன் வாய்க்குச் சர்க்கரை போடவேண்டும். பத்திரம் உன் வீட்டு முகவரிக்குப் பதிவுத் தபாலில் வரும். பகலில் அங்கே யார் இருந்து வாங்குகிறார்கள் என்பது உங்கள் வீட்டு விஷயம்.

வடக்கே ஒரு சின்ன ஊருக்குப் போகிறோம். அங்கே எனக்கு வேலை தருகிற இரும்புப் பட்டறைக்குப் பின்னால் ஓர் அறை சும்மா கிடக்கிறது. வேலை என்ன தெரியுமா? கேட்டுக்குக் கீல் வைப்பது, தள்ளுவண்டிக்கு அச்சு மாற்றுவது. வேலை இருக்கிற ஊரில் படுக்க இடமில்லை. இடம் இருக்கிற ஊரில் இதுதான் வேலை. பட்டறை முகவரி கீழே இருக்கிறது, பதிவு அலுவலகத்தில் ஏதாவது கேட்டால் தேவைப்படும் என்பதற்காக மட்டும்.

தம்பி


ஜூலை 8

பட்டறைக்காரருக்கு,

இடது கையால் எழுதுகிறேன். கோணல் எழுத்தைப் பார்த்து இரக்கப்பட வேண்டாம்.

தபாலை அவர்தான் வாங்கினார். நான் வேலை முடிந்து வந்தபோது, "உன் தம்பி தங்கமான பையன்டி, இத்தன நாளா நீதான் என்னை ஏமாத்திருக்கே," என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஓணானிடம் பேசி முடித்தாகிவிட்டது. மேஜை மேல் பேனாவைத் திறந்தே வைத்திருந்தார்.

நான் போடவில்லை. பேனாவை என் கையில் திணித்து முறுக்கிப் பார்த்தார், அப்போதும் போடவில்லை. மறுநாள் எக்ஸ்ரே அறையில் என் மணிக்கட்டை நானே படம் எடுத்துப் பார்த்தேன். மயிரிழை விரிசல், வலது கையில். "ஆறு வாரத்துக்குப் பேனா புடிக்காதீங்க," என்றார் டாக்டர். அவர் முன்னாலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அன்று வீட்டுக்குப் போகவில்லை. மாவுக்கட்டோடு நேரே இங்கே, நம் ஊருக்கே வந்துவிட்டேன். நான் இங்கே இல்லாவிட்டால் அவரும் ஓணானும் சேர்ந்து வேலி போட்டுவிடுவார்கள். மருத்துவமனையில் என் வேலைக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லையாம், திரும்பி வரச் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டார்கள். நானோ ஒற்றைக் கையால் மடை திருப்பப் பழகுகிறேன். நேற்றுத் தண்ணீர் முழுக்க ஓணான் வயலுக்குப் பாய்ந்துவிட்டது. அவர் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பகலில் அங்கே யார் இருப்பார் என்று நீ தெரிந்துதான் அனுப்பினாய். தெரியாது என்று எழுதினால் நம்ப மாட்டேன். தெரியும் என்று எழுதினால் தாங்க மாட்டேன். அதனால் எழுதாதே.

நிலத்துக்காரி