திருநீற்று விரலும் மானியக் கோப்பும்

என் செல்ல மாப்ளே முருகேசா,

எங்கே இருந்தாலும் செத்த நேரம் உட்கார்ந்து இதைக் கேள். மானியம் வந்துவிட்டது! உயிர் அறிவியல் ஆராய்ச்சி செய்யவும், அதைத் தொழிலாக வளர்க்கவும் மாநில அரசு தருகிறதே, நீ ராஜபாளையத்துக்கும் சென்னைக்குமாக ரயிலில் அலைந்தாயே, அதே மானியம்தான்.

நேற்றுத் தபாலில் வந்தது. உன் பெண்டாட்டி, அதாவது என் தங்கச்சி செல்வி, கவரைப் பிரிக்காமல் உன் போட்டோவுக்கு முன்னால் வைத்துவிட்டு அழுதாள். நான்தான் பிரித்தேன். உள்ளே இருந்த உத்தரவில் நாலாவது நிபந்தனை என்னைப் பற்றியது. அதைச் சொல்வதற்கு முன்னால் உன்னிடம் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நல்லவேளை, உன் செருப்பு எட்டாத தூரத்தில் இருக்கிறேன்.

நாம் தறி போட்டு பேண்டேஜ் துணி நெய்துகொண்டிருந்தோம். நீதான் ரத்தத்தை உடனே நிறுத்துகிற மருந்தை அதில் பூசலாம் என்று கிளம்பினாய். நூல் குடோனைக் காலி செய்து லேப் ஆக்கினாய். "துணியில ஒரு கிருமிகூட இருக்கக் கூடாது, அப்பத்தான் மானியம்" என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். சாம்பிள் அனுப்பினாய். கிருமி இருக்கிறது என்று திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினாய். முன்னைவிட அதிகமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் கடைசியாக என் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னாய்? "மச்சான், என் மருந்துதான் சரியில்ல போல." அந்த நினைப்போடுதானே போனாய்?

நீ போன பிறகு செல்வி லேப்பில் உட்கார்ந்தாள். இன்னும் ஒரே ஒரு தடவைதான் சாம்பிள் அனுப்பலாம், தவறினால் கோப்பை மூடிவிடுவோம் என்று கடிதம் வந்திருந்தது. அவள் உன் நோட்டில் இருந்த செய்முறையில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. மருந்தில் குறையில்லை, கவரை ஒட்டுவதற்குள்தான் ஏதோ நடக்கிறது என்று அவளுக்குச் சந்தேகம். நீராவியில் அவித்த துணியைக் கவரில் போட்டு, ஒட்டுவதற்கு முன்னால் சாப்பிடப் போவதுபோல் போய்க் கதவுக்குப் பின்னால் நின்றாள். நான் உள்ளே போனேன். எப்போதும்போல மடவார் வளாகம் கோவில் வைத்தியநாத சாமியை மனதில் நினைத்து, கவருக்குள் விரலை விட்டுத் துணியில் கொஞ்சம் திருநீறு தடவினேன்.

"ஏண்ணே! என்ன பண்ணுத?"

"பாஸாகணும்லா தாயி. எப்பவும் வைக்கிறதுதான்."

"எப்பவுமா?"

"மொத தடவ லேசா வச்சேன். அது பெயிலாப் போச்சுன்னு ரெண்டாந்தடவ கொஞ்சம் கூடவே வச்சேன்."

உடனே என் விரலைப் பிடித்து, கிருமி வளர்த்துப் பார்க்கிற கண்ணாடித் தட்டில் அழுத்தி எடுத்தாள் மாப்ளே. வெள்ளைத் துணியில் வெள்ளைத் திருநீறு, யார் கண்ணுக்குத் தெரியும்? வைத்தியத்துக்கு உரிய சாமியாச்சே, மருந்துக்குத் துணையாக இருப்பார் என்று நினைத்தேன். மூன்று நாள் கழித்து, அந்தத் தட்டைக் காட்டினாள். பச்சையும் மஞ்சளுமாகத் தோட்டமே போட்டிருந்தது.

"சாமியக் குத்தம் சொல்லாத. அம்புட்டும் உன் விரல்ல இருந்ததுதான்" என்றாள். தறி எண்ணெயும் மூக்குப்பொடியும் கண்ட விரல், வேறென்ன இருக்கும்?

புதுத் துணி அனுப்பினாள். அதிகாரிகள் நேரில் பார்க்க வந்த அன்று, என்னைப் பால்கோவா வாங்கச் சொல்லி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏற்றிவிட்டாள். பால்கோவா இங்கே தெருவுக்குத் தெரு கிடைக்கும், நான் ஊரில் இருக்கக் கூடாது என்பதுதான் விஷயம். ஆனால் திரும்புகிற பஸ் சீக்கிரமே ஊர் வந்துவிட்டது. வாசலில் நிற்கிறேன், உள்ளே அதிகாரி அம்மா ஒருவர் கேட்பது காதில் விழுகிறது: "இந்தத் தடவை சுத்தமா இருக்கு. முன்னாடி ரெண்டு தடவை ஏன் கெட்டுச்சு? காரணம் தெரியாம நான் கையெழுத்துப் போட முடியாது."

அண்ணனைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை செல்விக்கு. எனக்குத்தான் பொறுக்கவில்லை. பால்கோவா டப்பாவோடு உள்ளே போய், "நான்தாம்மா காரணம்" என்று விரலை நீட்டினேன். கதையைக் கேட்டு அந்த அம்மா சிரிக்கவில்லை. விரலைப் பார்த்தார், தோட்டம் போட்ட தட்டைப் பார்த்தார், வெகுநேரம் எழுதினார்.

அதுதான் நாலாவது நிபந்தனை: 'நிறுவனரின் மைத்துனர் எக்காரணம் கொண்டும் ஆய்வுக்கூடத்தினுள் நுழையக் கூடாது.' கோட்டையிலிருந்தே வந்த உத்தரவு! செல்வி அதைப் பெரிதாக எழுதி லேப் கதவில் ஒட்டிவிட்டாள்.

மாப்ளே, உன் மருந்து முதல் நாளிலிருந்தே சரியாகத்தான் இருந்தது. இதை உன் காதில் போடத்தான் இந்தக் கடிதம். உன்மேல் வைத்த பாசத்தில்தான் உன்னைத் தோற்கடித்தேன், பாவி நான். மன்னிப்பாயா?

இனி லேப் வாசற்படியை மிதிக்க மாட்டேன், சத்தியம். உன் போட்டோ வெளிச்சுவரில்தான் மாட்டியிருக்கிறது. தினமும் காலையில் கையை நன்றாகக் கழுவிவிட்டு, உன் நெற்றியில் மட்டும் திருநீறு வைக்கிறேன்.

அரசாங்க உத்தரவுப்படி வெளியே நிற்கும்,
உன் மச்சான்
சுப்பையா