கண்ணில் வந்த அம்மை

12-7-71, திங்கள்
எட்டாம் வகுப்பில் இன்று பாதிப் பேர் இல்லை. எல்லாருக்கும் மெட்ராஸ் ஐ. வந்த நாங்களும் கூரையைப் பார்த்தே பேசிக்கொண்டோம். முகத்தைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளுமாம். ஹெட்மாஸ்டர் ராமதாஸ் சார் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நடந்து தூணில் முட்டிக்கொண்டார். தூணுக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜெசிந்தா டீச்சரின் இடது கண் சிவந்திருந்தது.

13-7
சார் டீச்சரைச் சுவர் பக்கம் திரும்பி நிற்க வைத்துப் பேசினார். ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டேன்.

"இந்தக் கண்ணோட ஸ்கூலுக்குள்ள வரக் கூடாதும்மா."

"அப்ப லீவு குடுங்க சார்."

"நீ டெம்பரவரி. உன் லீவெல்லாம் உங்கம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்பவே தீந்துபோச்சு. தொத்து நோய்க்குத் தனி லீவு கீது. ஆனா விதியில அம்மை, காலரா, பிளேக்குன்னுதான் போட்டுக்கீது. மெட்ராஸ் ஐ இல்லியே."

"வந்தா தொரத்துறீங்க, வரலைன்னா ஆப்சென்ட் போடுறீங்க. கேட்லயே நிக்கட்டுமா சார்?"

சார் நிஜமாகவே யோசித்தார். "கேட்டுக்கு வெளிய நில்லும்மா" என்றார்.

டீச்சர் வராமலே இருந்தால் அவர் இடத்தில் செங்கல்பட்டிலிருந்து தேவசகாயம் என்கிற சாரைப் போட்டுவிடுவார்களாம். எங்கள் பள்ளியில் பெண் டீச்சர் அவர் ஒருவர்தான். அத்தா போன வருஷமே சொல்லிவிட்டார்: "பொம்பள டீச்சர் கீற வரைக்கும் போ. அப்பறம் வூட்ல குந்து."

அம்மா தூங்கிவிட்டாள். விளக்கைத் தணித்து வைத்து எழுதுகிறேன்.

15-7
டீச்சர் எப்படி இருக்கிறார் என்று பார்த்துவர சார் என்னை அனுப்பினார். நான் பக்கத்துத் தெருவாம். தனக்குப் பயம் என்று சொல்லவில்லை.

டீச்சர் வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கியது. வீட்டுச் சொந்தக்காரி எல்லம்மாள் குறுக்கே நின்றாள்.

"உள்ள போவாத. டீச்சரு கண்ணுல ஆத்தா வந்து குந்திகினு கீறா."

எங்கள் வீட்டில் அத்தா என்றால் அப்பா. கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தவர் எப்போது டீச்சர் கண்ணில் போய் உட்கார்ந்தார் என்று திகைத்தேன். பிறகுதான் அம்மனைச் சொல்கிறாள் என்று புரிந்தது. உள்ளேயிருந்து டீச்சர் குரல் வந்தது: "ஷரீபு, எனக்கு வேப்பிலை கட்டிட்டாங்க. எங்க சர்ச் பாதர் கேட்டா பார்க்கலைன்னு சொல்லிடு."

திரும்பி வந்ததும் சார் கேட்டார். பயத்தில் வாயில் வந்துவிட்டது.

"டீச்சருக்குக் கண்ணுல அம்மை சார்."

சார் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். "மொதல்லயே சொல்லக் கூடாதா? அம்மைக்கு லீவு குடுக்கலைன்னா ஆத்தா சும்மா வுடுவாளா" என்று உடனே சம்பளத்தோடு லீவு எழுதினார்.

நான் பொய் சொன்னேனா? எல்லம்மாள் சொன்னதைத்தானே சொன்னேன்?

17-7
ஒன்றும் நடக்கவில்லை. ரொம்ப நல்ல நாள்.

19-7, திங்கள்
போச்சு. எல்லாம் போச்சு.

பள்ளிக்கூடத்தில் அம்மை என்றால் மேலே எழுதியாக வேண்டுமாம். சார் எழுதிவிட்டார். செங்கல்பட்டிலிருந்து ஜீப்பில் ஹெல்த் இன்ஸ்பெக்டரும் அம்மை குத்துகிறவர்களும் வந்து கேட்டைச் சாத்திவிட்டார்கள். முதல் குத்து ராமதாஸ் சாருக்கு. பள்ளியைப் பார்த்துவிட்டுப் போக வந்திருந்த தேவசகாயம் சாரும் மாட்டிக்கொண்டார்.

"நான் இந்த ஸ்கூலே இல்லீங்க."

"வரப்போறீங்கல்ல? கைய நீட்டுங்க."

குத்து வாங்கிய கையைப் பிடித்துக்கொண்டு மதிய பஸ்ஸில் போனவர், வேறு இடம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனாராம்.

அதற்குச் சந்தோஷப்படக்கூட நேரமில்லை. டீச்சர் வீட்டுக்குப் போய்வந்த இன்ஸ்பெக்டர், "வெறும் மெட்ராஸ் ஐ சார். அம்மைன்னு யார் சொன்னது?" என்றார். சார் என்னைப் பார்த்தார். நாளைக்கு அத்தாவோடு வரவேண்டுமாம்.

இன்னா செய்வேன் நான்? லீவு ரத்தானால் டீச்சர் வேலை போய்விடும். தேவசகாயம் இல்லாவிட்டால் இன்னொரு சார். அத்தாவும் என்னை நிறுத்திவிடுவார். நானே வாயைத் திறந்து கெடுத்தேன்.

20-7
அத்தா கடையைச் சாத்திவிட்டு வந்தார். சார் கண்ணாடிக்குக் கீழே கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அத்தா பதறிவிட்டார். "இன்னா சாரே அழுவுறீங்க? எம்பொண்ணு அப்பிடி இன்னா பண்ணிட்டா?"

"அழுவல பாய்." சார் கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு கண்ணும் தக்காளி. அத்தா சட்டென்று கூரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

எல்லம்மாள் சொன்னதைத்தான் சொன்னேன் என்றேன். சார் சுவரைப் பார்த்துக்கொண்டே என்னைக் கேட்டார். "அந்தம்மா சரியா இன்னாம்மா சொன்னாங்க?"

"ஆத்தா வந்து குந்திகினு கீறான்னு சார்."

"எத்தினி கண்ணுல?"

"ஒண்ணுல சார்."

"எனக்கு ரெண்டுலயும் குந்திகினு கீறா" என்று பேனாவை எடுத்தார். "கண் அம்மைன்னு எழுதிக்கிறேன். விதியில அம்மைன்னுதான் கீது, எங்கன்னு போடல. டீச்சர் லீவ ரத்து பண்ண மாட்டேன். நானும் நாளையிலிருந்து லீவு."

வீட்டு வாசலில் அத்தா, "ரெண்டு பேருக்கும் சீக்கிரம் சரியாவட்டும்" என்றார்.

2-8, திங்கள்
டீச்சர் வந்துவிட்டார். கணக்கில் நான் மூன்று தப்பு. கரும்பலகை முன்னால் நிற்க வைத்து மணியடிக்கும் வரை திட்டினார். அத்தாவிடம் சொன்னேன்.

"நாளைக்கும் போயி திட்டு வாங்கினு வா" என்றார்.