விளக்கு வைத்த பிறகு அமுக்காத பொத்தான்

6.3.2006, திங்கள்
வெட்கத்தை எழுதிவிட்டால் குறையும் என்கிறார்கள், பார்ப்போம். உப்பு உற்பத்தியாளர் சங்கத்துக்காக நான் கட்டிய வலைப்பக்கத்தை இன்று அங்கே திறந்து காட்டினேன். நாளை எந்த லாரி எந்த உப்பளத்தில் ஏற்றும் என்ற பட்டியல் வரவேண்டிய இடத்தில், சோதனைக்காக நான் தட்டிவைத்திருந்த வரி வந்தது: “கலியன் ஒரு கஞ்சன்.” எதிரே இருந்தவர் சங்கத் தலைவர் கலியன். கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார்.

“எழுத்து நல்லா தெரியுதுப்பா” என்றார். பிறகு பதினைந்து நாள் கெடு கொடுத்தார். அதற்குள் ஒழுங்காக ஓடாவிட்டால் பழையபடி கரும்பலகை. எனக்கு முதலியார்சாவடியில் மச்சானின் பெயிண்ட் கடை. நாற்பத்தேழு வயதில் மச்சானிடம் வேலையா? மாட்டேன்.

7.3
பாடம்: சோதனைக்கு எழுதும்போது ஊர்க்காரன் பெயர் கூடாது. இனி “லாரி 1, லாரி 2” தான். சுவையே இல்லை.

10.3
கூனிமேட்டில் ஜஹாங்கீர் பாயின் பிரவுசிங் சென்டரில் திறந்தால் தமிழெல்லாம் கட்டம் கட்டமாக. என் கம்ப்யூட்டரில் ஓடினால் உலகத்தில் ஓடும் என்று இத்தனை நாள் நம்பியிருக்கிறேன். அங்கேயே நேராகத் திருத்தப் போய் மொத்தப் பக்கமும் போச்சு. நகல்? எடுத்திருந்தால்தானே. பாய் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, காப்பி எடுக்காமல் என்ன தொழில் பண்றீங்க என்று கேட்டார். இனி தேதி போட்ட போல்டர். திருத்தம் முதலில் நகலில்தான்.

14.3
மூட்டை ஏற்றும் பெண்களுக்கு மேஸ்திரி சகாயமேரி வந்தாள்.

“விடியறதுக்குள்ள நாலு கிலோமீட்டர் நடக்கிறோம். லாரி இல்லன்னா திரும்பி நடக்கிறோம். உங்க பொட்டி முந்தின சாயங்காலமே சொல்லுமா? பல்லக் காட்டாம சொல்லுங்கண்ணே.”

சொல்லும் என்றேன். பல்லைக் காட்டவில்லை.

16.3
ஐயோ. திரும்பக் கட்டிய பக்கம் மத்தியானம் முழுக்கச் சரியாக ஓடியது. சாயங்காலம் ஆறரைக்கு சென்னையிலிருந்து நிஜமாகவே மூன்று லாரிக்கு உப்பு கேட்டு வந்தது. “உப்பு கொடுக்கலாம்” பொத்தானைச் சங்க எழுத்தர் பலராமன் அமுக்க வேண்டும். கையைக் கட்டிக்கொண்டார்.

“விளக்கு வச்சப்புறம் உப்பு குடுக்கச் சொல்றியா?”

லாரி காலையில்தானே வருகிறது என்றேன்.

“குடுக்கிறேன்னு இப்பதானப்பா சொல்றேன்?”

பட்டியல் இல்லை. சகாயமேரிக்கு என்ன பதில் சொல்வது? வீட்டில் அம்சவள்ளியிடம் புலம்பினால், “நானே பொழுது போனா பக்கத்து வீட்டுக்கு உப்பு குடுக்கமாட்டேன். இது தெரியாமலா கட்டினீங்க?” என்கிறாள். இருபது வருஷமாக இவள் கையால் சாப்பிடுகிறேன். சோதித்ததெல்லாம் மத்தியானத்தில்.

17.3
பலராமனை மாற்ற முடியாது. பக்கத்தை மாற்றலாம். நாளை எத்தனை லாரிக்கு உப்பு தரலாம் என்று மூன்று மணிக்கே அவர் குறித்துவிடுவார். சாயங்காலம் லாரி கேட்டால் காலி இடத்தில் தானாக உட்காரும். இருட்டில் யாரும் எதையும் கொடுக்க வேண்டாம். சோதனை இனி ஆறரைக்கு, விளக்கு எரிய, பலராமனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

20.3
ஆறே முக்காலுக்குக் கதவில் பட்டியல் ஒட்டினேன். நாளை இரண்டு லாரி. கலியன் வந்து படித்தார். கெடுவைப் பற்றிப் பேசவில்லை.

12.4
நேற்றைய பட்டியலில் லாரி இல்லை. இன்று காலை எட்டு மணிக்கு சகாயமேரி மீன் பையோடு என் கம்ப்யூட்டர் கடை வழியாகப் போனாள். “இன்னிக்கு நடக்கலண்ணே” என்றாள். அவ்வளவுதான்.

லாரி பிடித்துக் கொடுக்கும் சென்னை புரோக்கர் சக்கரபாணி இதுவரை கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. சாயங்காலம் எத்தனை லாரி என்று எனக்குப் போனில் சொல்கிறார். அவருக்காக நான்தான் தட்டுகிறேன்.