தட்டில்லாத வால்வு

மார்ச் 4, 1931. புதன்.

மழை இல்லை. ஜோகூர் பாருவிலிருந்து காலை ரயிலில் ரெங்கம். வக்கீல் துரையின் உத்தரவு: விசாரணைக்கு முன் ரப்பர் தோட்டத்தை நேரில் பார்த்துக் குறிப்பெடுத்து வருக. கட்சிக்காரர் தோட்டக் கம்பெனி. கூலிகள் குடியிருக்கும் லயத்தில் மூவர் சீதபேதியில் இறந்த விவகாரம். கூலிகளின் அசுத்தமே காரணம் என்பது கம்பெனியின் வாதம். குழாய்த் தண்ணீர் என்பது கூலிகளின் புகார். லேபர் ஆபீஸர் அடுத்த வாரம் விசாரிப்பார்.

பார்த்தவை:

— ரப்பர் ஷீட் கிடங்கு. கூரைக்கடியில் தீயணைப்புக் குழாய்கள். சூடு ஏறினால் தாமே திறந்து தண்ணீர் தூவும். இன்ஷூரன்ஸ்காரர் வற்புறுத்திப் போட வைத்தது.

— அவற்றுக்குத் தண்ணீர் இரு வழி. குன்றின் மேல் தொட்டி. அது போதாவிடில் ஆற்றுப் பம்பு. லயத்துக்கும் மேனேஜர் துரையின் பங்களாவுக்கும் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கும் குடிதண்ணீர் அதே தொட்டியிலிருந்து.

— இரண்டு தண்ணீரும் கலவாதிருக்க நடுவில் ஒருவழி வால்வு. உள்ளே பித்தளைத் தட்டு. கிடங்குக்குப் போகும் தண்ணீருக்குத் திறக்கும். ஆற்றுத் தண்ணீர் திரும்பி ஏற முயன்றால் மூடிக்கொள்ளும்.

— மூடியைக் கழற்றச் சொல்லிப் பார்த்தேன். தட்டு இல்லை.

பங்களாச் சமையற்காரர் அந்தோணி ஒளிவு மறைவின்றிச் சொன்னார்: "தொட்டி வத்திப்போச்சு சார். துரைக்கு ரெண்டு வேளையும் குளிக்கணும். தட்டை எடுத்துட்டு பம்பை ஓட்டினா ஆத்துத் தண்ணி பங்களா வரைக்கும் ஏறுது."

"குடிப்பதற்கு?"

"துரைக்கு நான் காய்ச்சி வடிகட்டித் தர்றேன். லயத்துக்கு யாரு சார் காய்ச்சறது?"

லயத்துக் கக்கூஸ் சாக்கடை விழுவது அந்த ஆற்றில்தான். பம்புக்குச் சற்று மேலே.

மார்ச் 5. வியாழன்.

அறிக்கை கொடுத்தேன். கம்பெனிக்கு அனுப்ப நான் எழுதிய கடிதத்தில் ஒரு வரி: 'தட்டை உடனே பொருத்துக.' வக்கீல் துரை அதை மட்டும் அடித்தார். "இன்று பொருத்தினால், நேற்று இல்லை என்று ஒப்புக்கொண்டதாகும். விசாரணை முடியட்டும்."

வாதம் சரி. அவர் இடத்தில் இருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். உறுத்துவது அதுதான்.

மதராஸில் பி.எல். தேறியவன். இங்கே வழக்காட அனுமதி இல்லை. தலைமைக் குமாஸ்தா, மொழிபெயர்ப்பாளர். வக்கீலுக்குரிய உரிமை ஒன்றும் கிடையாது. கட்சிக்காரர் ரகசியத்தைக் காக்கும் கடமை மட்டும் குறைவில்லாமல் உண்டு.

சலவைக்காரன் காலருக்குக் கஞ்சி போட மறந்திருக்கிறான்.

மார்ச் 7. சனி.

மீண்டும் தோட்டம். சாட்சிகளின் பெயர் எடுக்க. பட்டியலில் முதலாவது பாக்கியம், இறந்த மூவரில் ஒருவரின் மனைவி. இடுப்பில் கைக்குழந்தை, குழாயடியில் வாளி.

"இந்தத் தண்ணீரைக் காய்ச்சிக் குடியம்மா" என்றேன்.

"ஏன் ஐயா?"

"உடம்புக்கு நல்லது."

"பைப்புத் தண்ணிதானே ஐயா. நாங்க என்ன ஆத்துத் தண்ணியா குடிக்கிறோம்?"

பின்னால் வரிசையில் நின்றவள் முந்திக்கொண்டாள்: "வக்கீல் ஐயாவுக்குப் பங்களாத் தண்ணி பழக்கம்டி. நாம விடியக்காலம் சுடுதண்ணி வச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தா, காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு அவரா பேர் குடுப்பாரு?" குழாயடி முழுதும் சிரிப்பு.

ரயிலில் எனக்கு நானே வாதாடினேன்: எச்சரித்தாயிற்று, ரகசியமும் மீறப்படவில்லை, இரண்டு கடமையும் நிறைவேறின.

மார்ச் 8. ஞாயிறு.

தலைவலி. வீட்டுத் தண்ணீரை இருமுறை காய்ச்சச் சொன்னேன். சமையற்காரன் காரணம் கேட்கவில்லை. சம்பளம் தருபவன் சொன்னால் காரணம் வேண்டியதில்லை போலும்.

மார்ச் 11. புதன்.

விசாரணை. தோட்ட ஆபீஸ் அறை. புழுக்கம். மொழிபெயர்ப்பு நான்.

பாக்கியத்திடம் ஆபீஸர் கேட்டார்: குடிதண்ணீரைக் காய்ச்சுவதுண்டா? அவள் ஆபீஸரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "ஐயா, நீங்கதானே காய்ச்சிக் குடிக்கச் சொன்னீங்க."

சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன். வக்கீல் துரையின் பேனா நின்றது. முடிந்தது என்று எண்ணினேன். ஏன் சொன்னாய் என்று ஆபீஸர் என்னைக் கேட்பார். கேட்டால் சொல்லித்தான் ஆகவேண்டும். ஒரு கணம் நெஞ்சு இலேசானது உண்மை.

வக்கீல் துரை நிதானமாக எழுந்தார். "அந்த ஆலோசனை தோட்டத்தின் சார்பில் என் குமாஸ்தா கூறியது. அதைக் கடைப்பிடித்தாளா என்று கேட்கவேண்டும்."

கேட்டேன்.

"ரெண்டு நாள் காய்ச்சுனேன் ஐயா. எல்லாரும் சிரிச்சாங்க. விட்டுட்டேன்."

அதையும் மொழிபெயர்த்தேன். நான் சொன்னது எந்த நாள் என்று எவரும் கேட்கவில்லை. அதற்கு முன்பே அவள் கணவனைப் புதைத்தாகிவிட்டது. கேட்காததை மொழிபெயர்ப்பாளர் பேசக்கூடாது. பேசவில்லை.

முடிவு: தோட்டம் தக்க ஆலோசனை வழங்கியது, கூலிகள் அலட்சியம் செய்தனர்.

திரும்பும் ரயிலில் வக்கீல் துரை எனக்கு ஒரு சுருட்டு நீட்டினார். நான் புகைப்பதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

மார்ச் 12. வியாழன்.

கையொப்பத்துக்கு ஒரு வாக்குமூலம் மேசை மேல். நான் ஆலோசனை கூறியதாக. ஒவ்வொரு சொல்லும் மெய். தேதி இல்லை.

"தேதி வேண்டும்" என்றேன்.

"தேவையில்லை."

ஓரத்தில் 'மார்ச் 7, மூவரும் இறந்த பின்' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அவர் படித்தார். நான்காகக் கிழித்தார். கோபமே இல்லை. "களைத்திருக்கிறீர். நாளை முதல் வீட்டில் ஓய்வெடுக்கலாம்."

"அந்த வால்வு?"

"காய்ச்சச் சொல்லியாயிற்றே. இனி எதற்கு?"

குடையை அலுவலகத்திலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். திரும்பப் போய் எடுக்க மனமில்லை.

மார்ச் 14. சனி.

ரெங்கம். இம்முறை எவர் உத்தரவும் இல்லை. பாக்கியம் லயத்தில் இல்லை. தோட்டத்து ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் இருந்தாள். மடியில் குழந்தை. இரண்டு நாளாகப் பேதி.

எல்லாவற்றையும் சொன்னேன். பம்பு, ஆறு, வால்வு, எடுத்த தட்டு, பங்களாக் குளியல். கடமை மீறியது முழுமையாக.

அவள் ஈ ஓட்டிக்கொண்டே கேட்டாள். "நீங்க படிச்சவங்க, காரணமில்லாமச் சொல்ல மாட்டீங்கன்னுதான் ரெண்டு நாள் காய்ச்சுனேன். இத அன்னிக்கே சொல்லியிருந்தா விட்டிருக்க மாட்டேனே ஐயா."

சட்டத்தில் இதற்குப் பதில் உண்டு.

மருந்து கொடுக்கும் டிரஸர் தகரக் குவளையில் தண்ணீரோடு வந்து குழந்தையின் வாயருகே பிடித்தார். எங்கிருந்து எடுத்தது என்று கேட்டேன்.

"பைப்புலதான் சார்" என்றார்.