ஆறு கன்றுகளும் ஒரு சீம்பால் பொட்டலமும்

இதைக் கையில் எடுப்பவருக்கு: நான் செண்பகவல்லி, செவ்வாய்க் குடியிருப்பின் ஒரே மாட்டு டாக்டர்.

நாள் 412, 07:10
கொட்டில் வெப்பம் 19. செயற்கைக் கருப்பையில் பிறந்த ஆறு கன்றுகளுக்கும் மூன்று மாதம். ஐந்து நன்றாகக் குடித்தன. ஆறாவது, சுட்டி, பாதியில் நிறுத்திவிட்டாள். தாடைக்கடியில் இரண்டு பக்கமும் கட்டி. தொட்டால் வலி இல்லை. சீழ்க்கட்டி என்றால் வலிக்கும். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

09:40
ஊசியில் உறிஞ்சிப் பார்த்தேன். நிணநீர்ப் புற்று. இவ்வளவு சின்னதுக்கா? கன்றுகளுக்குத் தானாக வருவது ஒட்டாது. வைரஸால் வருவது பரவும். ஆறு கன்றுகளின் ரத்தத்தையும் சோதனைக்குப் போட்டேன்.

11:05
ஆறிலும் அந்த வைரஸை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள். மறுபடி செய்தேன், அதேதான். வைரஸையே தேடும் மரபணுச் சோதனை ஓடுகிறது. ஐந்து மணி நேரம் ஆகும்.

11:30
நிர்வாகி ஞானதுரை ஒலிபெருக்கியில்: "ஆறையும் முடிச்சிடுங்க டாக்டர். அடுத்த வாரம் இருபது கன்னு பொறக்குது. அதுங்களுக்கும் ஒட்டிக்கிச்சுன்னா புள்ளைங்க பாலுக்கு எங்க போறது?"
சாயங்காலம் வரை பொறுக்கச் சொன்னேன். "நீங்கதானே பாசிட்டிவ்னு சொன்னீங்க?" என்றார். ஊசிகளை எடுத்து வைத்தேன். சண்டை போட்டிருக்கலாம்.

13:50
ஐந்து கன்றுகளை ஊசி போட்டு முடித்தேன். பால் என்று நினைத்து ஓடிவந்தன. கட்டியில் இன்னும் மாதிரி எடுக்க வேண்டியிருந்ததால் சுட்டியைக் கடைசிக்கு வைத்தேன்.

14:20
சுட்டிக்கு மருந்தெடுக்கக் குளிர்பெட்டியைத் திறந்தேன். மூலையில் சீம்பால் பொட்டலம். தாயில்லாக் கன்றுகளுக்காகப் பூமியில் பல பசுக்களிடம் கறந்து, சூடாக்கி, உறையவைத்து அனுப்பியது. எல்லாருக்கும் சமமாகப் போகட்டும் என்று பிறந்த அன்று நான்தான் ஒரே அண்டாவில் கலந்து ஊட்டினேன். வெல்லம் போட்டுக் காய்ச்சித் தின்ன எனக்கென்று கொஞ்சம் ஒளித்துவைத்தேன். அதுதான் இது.

14:45
சோதித்தேன். இதிலும் எதிர்ப்பொருள் பாசிட்டிவ். கறந்த பசுக்களில் ஏதோ ஒன்றுக்கு நோய். சூட்டில் வைரஸ் செத்திருக்கும், எதிர்ப்பொருள் தங்கிவிடும். குடித்த கன்றின் ரத்தத்தில் மாதக்கணக்கில் நிற்கும். முதல் வருடப் பாடம் இது. பாவி, எப்படி மறந்தேன்.

16:25
மரபணுச் சோதனை: ஆறிலும் வைரஸ் இல்லை. சுட்டியின் புற்று யாருக்கும் ஒட்டாது. அந்த ஐந்துக்கும் ஒன்றுமே இல்லை. ஒன்றுமே.
ஞானதுரை: "அப்ப எத்தனை மிச்சம் டாக்டர்?"

16:40
ஒன்று. நோயுள்ளது. இரண்டு வாரம் தாங்கினால் அதிகம்.
காலையில் பாதியில் நிறுத்தியவள் இப்போது என் விரலைச் சப்புகிறாள். பசிக்கிறது போல. பாட்டில் ஆறும் கழுவிக் காய்கிறது, ஒன்றை எடுத்துப் பால் ஊற்றுகிறேன்.